குன்னூர் ரேடியோக்காரர் கடை: சகவாச தோஷத்துக்கு வைத்தியம்

ஹோம்ஸ்டே நடத்துகிறவளுக்கு ரிவ்யூ என்றாலே கொஞ்சம் அடிவயிறு கலங்கும். வெந்நீர் வர ஏழு நிமிடம் ஆனது என்று இரண்டு நட்சத்திரம் போட்டுவிட்டுப் போனவர் உண்டு. மூடுபனியில் மலையே தெரியவில்லை என்று ஒற்றை நட்சத்திரம் போட்டவரும் உண்டு. மூடுபனிக்கு நான் என்ன செய்வேன்? அதனால் அடுத்தவர் பிழைப்பைப் பற்றி எழுதுவதில்லை என்று ஒரு விரதமாகவே வைத்திருந்தேன். இந்தக் கடைக்காக முறிக்கிறேன். அதுவும் ரேடியோ கைக்கு வந்த அன்றே எழுதவில்லை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்றும் போகட்டும் என்று காத்திருந்தேன். எங்கள் கோத்தகிரிப் பக்கத்தில் மழை என்றால் வடகிழக்குப் பருவமழைதான். அதைத் தாண்டி நின்றால்தான் எந்த ரிப்பேரும் ரிப்பேர்.

கடை கீழ் குன்னூரில், மார்க்கெட்டுக்குப் பின்னால் போகும் சந்தில் இருக்கிறது. போர்டு கிடையாது. ஒரு வர்க்கி பேக்கரி, அதன் பக்கவாட்டில் செங்குத்தாகப் பத்தொன்பது படி, மேலே ஒற்றை அறை. "ரேடியோக்காரர்" என்று கேட்டால் மார்க்கெட்டில் யாரும் கை காட்டுவார்கள். படியில் கைப்பிடி இல்லை. பன்னிரண்டு கிலோ வால்வு ரேடியோவை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறியதில் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது. வயதானவர்கள் கீழே நின்று குரல் கொடுத்தால் பேக்கரிப் பையன் தூக்கிக்கொண்டு போய்க் கொடுப்பான் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

மேலே போனதும் முதலில் உறைத்தது அறையின் சூடு. பேக்கரி அடுப்பின் புகைக்குழாய் போகும் சுவர் இந்த அறையின் பின்சுவர். அந்தச் சுவரை ஒட்டி அலமாரி அடித்து, அதில்தான் ரேடியோக்களையும் டேப்ரெக்கார்டர்களையும் வரிசையாக வைத்திருக்கிறார். குன்னூரில் ஆடி மாதம் போய்ப் பாருங்கள், எந்த வீட்டு அலமாரியைத் திறந்தாலும் ஒரு பூசண வாசனை வரும். இங்கே வரவில்லை. வெண்ணெயும் மாவும் வேகும் வாசனைதான். "வாடகை கூடத்தான். ஆனா அந்தச் சுவருக்காகத்தான் இந்த ரூமைப் பிடிச்சேன்" என்றார். அப்போதே எனக்கு இந்த மனிதர்மேல் பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

எழுபதைத் தாண்டியவர். கண்டிப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, இலங்கைத் தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்பிய சாஸ்திரி, சிறிமாவோ ஒப்பந்தத்தில் தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாம் வழியாக நீலகிரிக்கு வந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களில் ஒன்று அவருடையது. அவர் என்னைத் தங்கச்சி என்றார், நான் அண்ணே என்றேன்.

இப்போது நோயாளியைப் பற்றி. என் அப்பா தேயிலை ஃபேக்டரியில் எலக்ட்ரீஷியன். 1967-ல் வாங்கிய மரப்பெட்டி வால்வு ரேடியோ அது. தபால் ஆபீஸில் வருடா வருடம் பணம் கட்டிய லைசென்ஸ் புத்தகம்கூட இன்னும் என்னிடம் இருக்கிறது. 2012-ல் அப்பா போனார். அதற்குப்பின் ரேடியோவை யாரும் போடவில்லை. அம்மா ஒரு எம்ப்ராய்டரித் துணியைப் போர்த்தி, மேலே பூச்சாடி வைத்துவிட்டாள். பதினொரு வருடம் அப்படியே கிடந்தது. வீட்டை ஹோம்ஸ்டே ஆக்கியபோது, ஹாலில் பாடினால் நன்றாக இருக்குமே என்று 2023-ல் போட்டுப் பார்த்தேன். பாட்டுக்குப் பதில் "உம்ம்ம்" என்று மாடு முனகுவது போல ஒரு சத்தம். ஸ்டேஷன் திருப்பினால் கரகர.

அந்த வருடம் ஆவணியில் கீழே சமவெளியில் ஒரு கடையில் கொடுத்தேன். பெயர் வேண்டாம். ஃபில்ட்டர் கண்டன்சர் போய்விட்டது என்று புதிது போட்டுக் கொடுத்தார். நன்றாகப் பாடியது. கார்த்திகையில் மறுபடி உம்ம்ம். மறுபடி அதே கடை, மறுபடி ஒரு கண்டன்சர், மறுபடி பணம். தை பிறப்பதற்குள் மாடு திரும்பி வந்துவிட்டது. "மலை ஏரியால அப்படித்தான் மேடம், பழைய செட்டு" என்று சொல்லிவிட்டார் அவர். இரண்டு புதுக் கண்டன்சர் ஆறு மாதத்தில் சாகுமா என்று எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

மாசியில் குன்னூர் அண்ணனிடம் கொண்டுபோனேன். அவர் பின்பலகையைக் கழற்றினார், பேட்டரி டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார், பிளக்கைக்கூடச் செருகவில்லை. பிறகு மல்டிமீட்டரின் ஒரு முனையைக் கண்டன்சரின் அலுமினிய உடம்பிலும் இன்னொன்றைச் சேசிஸிலும், அதாவது உறுப்புகளையெல்லாம் தாங்கும் உலோகத் தட்டிலும் வைத்தார். எனக்கும் தெரிகிற மாதிரி மீட்டரைத் திருப்பிக் காட்டினார். 40 ஓம் என்று காட்டியது. கண்டன்சரை விரலால் லேசாக ஒருபக்கம் சாய்த்தார், 6 ஓம். விரலை எடுத்தார், 31. இன்னொரு முறை தொட்டார், 12.

"கண்டன்சர் நல்லாத்தான் இருக்கு தங்கச்சி. அது உக்காந்திருக்கிற இடந்தான் கெட்டுப்போச்சு" என்றார்.

கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன். நான் கேட்டுப் புரிந்துகொண்ட வரைக்கும்தான். இந்த மாதிரி செட்டில் ஃபில்ட்டர் கண்டன்சர் ஒரு அலுமினிய டப்பா. டப்பாவின் உடம்பேதான் அதன் மைனஸ். சேசிஸில் ஒரு ஓட்டை, அதில் டப்பாவை நிறுத்தி, அடியில் ஒரு வளையம் போட்டு நட்டு முறுக்கியிருப்பார்கள். அந்த வளையம் வழியாகத்தான் எர்த் போகவேண்டும். அங்கே பூஜ்யத்தை ஒட்டி இருக்கவேண்டிய ஓம் நாற்பதாக இருந்தால், எவ்வளவு நல்ல கண்டன்சரும் வேலை செய்ய வழியில்லாமல் உட்கார்ந்திருக்கும். கரண்டின் இரைச்சல் வடிகட்டப்படாமல் நேராக ஸ்பீக்கருக்குப் போய்விடும்.

நட்டைக் கழற்றினார். உள்ளே நான் எதிர்பார்த்தது செந்துரு. இருந்தது வெள்ளைப் பொடி. டால்கம் பவுடரை ஈரத்தில் குழைத்துக் காயவிட்டது போல, அலுமினியத்தின் அடிப்பாகம் முழுக்க வெந்து பொரிந்திருந்தது. அதன்மேல் அழுந்தியிருந்த வளையம் வெறும் செம்புக் கம்பி. சமவெளிக் கடைக்காரர் பழைய வளையம் உடைந்துபோனதால் ஒரு செம்புக் கம்பியை முறுக்கி வளையமாக்கிப் போட்டிருக்கிறார். செம்பின் ஓரத்தில் லேசாகப் பச்சை பிடித்திருந்தது, அவ்வளவுதான், மற்றபடி கம்பிக்கு ஒன்றும் ஆகவில்லை. அடி வாங்கியது முழுக்க அலுமினியம். அதன் பக்கத்தில் பழுப்பாக, பிசுபிசுவென்று எதையோ தொட்டு முகர்ந்தார். சால்டர் வைக்கும்போது தடவுகிற பேஸ்ட். வேலை முடிந்ததும் துடைக்காமல் விட்டிருக்கிறார்கள். அந்தப் பேஸ்ட்டில் உப்புச் சத்து உண்டு, அது காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் என்றார். எங்கள் ஊரில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்க யாருக்கும் சிரமமே வேண்டாம். ஜன்னலைத் திறந்தால் மேகம் உள்ளே வந்து சோபாவில் உட்காரும்.

நான் நம்பாத முகத்தோடு இருந்திருப்பேன் போலிருக்கிறது. அண்ணன் ஒரு அலுமினியத் துண்டையும் ஒரு செம்புத் தகட்டையும் எடுத்தார். கீழே குரல் கொடுத்து பேக்கரியிலிருந்து ஒரு சிட்டிகை உப்பு வரவழைத்தார். டம்ளர் தண்ணீரில் கரைத்து, வேட்டித்துணிக் கிழிசல் ஒன்றை நனைத்து இரண்டு தகடுக்கும் நடுவில் வைத்தார். பழைய முள் மீட்டரின் இரண்டு கம்பிகளை இரண்டு தகட்டிலும் தொட்டார். முள் எழுந்து அரை வோல்ட் பக்கம் போய் நின்றது. பேட்டரி இல்லை, பிளக் இல்லை, எதுவும் இல்லை.

"உங்க ரேடியோவுக்குள்ள இப்படி ஒண்ணு ராத்திரி பகலா ஓடிக்கிட்டிருந்திருக்கு. நீங்க ஆஃப் பண்ணியிருந்தாலும் அது ஆஃப் ஆகாது" என்றார்.

பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். 1800-ல் வோல்ட்டா செம்பும் துத்தநாகமும் உப்புநீர்த் துணியுமாக மாற்றி மாற்றி அடுக்கியதும் இதே சங்கதி. இரண்டு வேறு வேறு உலோகம் ஒட்டியிருக்கவேண்டும், நடுவில் ஈரம் இருக்கவேண்டும். அவ்வளவு போதும், இரண்டில் எது எளிதில் கரைகிற ஜாதியோ அது கரையத் தொடங்கிவிடும், மற்றது தப்பித்துக்கொள்ளும். பரீட்சையில் எழுதி மார்க் வாங்கினேன். என் வீட்டு ஹாலில், அப்பாவின் ரேடியோவுக்குள் அது நடக்கும் என்று தோன்றவில்லை.

அண்ணன் இதற்கு வைத்திருக்கும் பெயர் "சகவாச தோஷம்". கோவில் சொற்பொழிவுகளில் செம்பில் களிம்பு என்று ஒரு உவமை சொல்வார்கள், ஆணவம் உயிரோடு கூடவே பிறந்தது என்பதற்கு. இது அந்தக் களிம்பு இல்லை. தனியாக விட்டால் அலுமினியம் தன்மேல் தானே ஒரு மெல்லிய படலம் போட்டுக்கொண்டு எத்தனை வருடமும் இருக்கும். செம்பும் தனியாக இருந்தால் ஒன்றும் ஆகாது. சேர்த்து வைத்தால்தான் வினை.

அப்புறம் யோசித்துப் பார்த்தால் இந்த தோஷம் வீடு முழுக்க இருக்கிறது. ஜி.ஐ. பைப்பில் பித்தளைக் குழாய் மாட்டியிருக்கும் இடத்தைப் பாருங்கள், ஒழுகுவது எப்போதும் அந்த மரையில்தான், உளுத்துப்போவது எப்போதும் பைப்தான். புளிக்குழம்பை அலுமினியச் சட்டியில் ஊற்றி வைத்து அதில் பித்தளைக் கரண்டியையும் போட்டுவைத்தால் அம்மா திட்டுவாளே, அவளுக்கு வோல்ட்டாவைத் தெரியாது. ஹோம்ஸ்டேயின் நான்கு கீஸரிலும் வருடத்துக்கு ஒருமுறை சர்வீஸ்காரர் ஒரு கம்பியை மாற்றிவிட்டுப் பணம் வாங்குவார். இத்தனை நாளும் ஏமாற்றுகிறார் என்றே நினைத்திருந்தேன். அது மெக்னீசியம் கம்பியாம். தொட்டியின் இரும்பைவிடச் சீக்கிரம் கரைகிற ஜாதி. அது கரைந்துகொண்டிருக்கிற வரைக்கும் தொட்டிக்கு ஆபத்தில்லை. சர்வீஸ்காரரிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். பணத்தை மட்டும் இன்னும் பேரம் பேசித்தான் கொடுக்கிறேன்.

இனி அவர் செய்த வைத்தியம். இதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன், ஏனென்றால் அன்றைக்கு மழையில் கோத்தகிரி பஸ் வரவில்லை.

கண்டன்சரை அவர் மாற்றவில்லை. அதைச் சோதித்துப் பார்த்துவிட்டு, "புதுசை எதுக்குத் தூக்கிப் போடணும்" என்று அதையே வைத்துக்கொண்டார். முதலில் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து பேஸ்ட் பிசுக்கை முழுக்க எடுத்தார். பஞ்சு நிறம் மாறாமல் வரும்வரை, ஆறேழு பஞ்சு. பிறகு கண்ணாடி இழைப் பேனா ஒன்றால் அலுமினியத்தின் அடியைச் சுரண்டினார். உப்புத்தாள் வேண்டாமா என்றேன். அதன் துகள் அலுமினியத்தில் புதைந்துகொள்ளும், அப்புறம் அது வேறு தொல்லை என்றார். வெள்ளைப் பொடி போய்ப் பளிச்சென்று உலோகம் தெரிந்த அடுத்த நொடி, சுண்டுவிரலால் வாசலின் எடுத்துத் தடவினார். அதில் மட்டும் அவருக்கு அவசரம். சுரண்டிய அலுமினியம் காற்றுப் பட்டதும் மறுபடி படலம் போட்டுக்கொள்ளும், அதற்குள் மூடிவிடவேண்டுமாம்.

செம்பு வளையத்தைத் தூக்கி எறியவில்லை. அடுப்பில் காட்டுகிற மாதிரி சால்டரிங் அயர்னால் சுடவைத்து, அதன்மேல் முழுக்க ஈயம் ஓடவிட்டார். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது தெருவில் "ஈயம் பூசறதூ" என்று குரல் கொடுத்துக்கொண்டு வருவார்களே, பித்தளை அண்டாவைக் கொடுத்தால் உள்ளே நவச்சாரம் தூவி, பஞ்சால் ஒரு சுழற்று சுழற்றினால் வெள்ளி மாதிரி ஆகிவிடுமே, அதேதான். செம்புக்கும் அலுமினியத்துக்கும் உள்ள எட்டத்தைவிட, ஈயத்துக்கும் அலுமினியத்துக்கும் எட்டம் குறைவு. ஈயம் பூசிய துண்டை அந்த உப்புநீர்த் துணிமேல் வைத்துக் காட்டினார், முள் நன்றாகவே கீழே இறங்கியது. "சம்பந்தம் பண்றப்ப ரொம்ப எட்டத்துல போகக்கூடாது" என்று சிரித்தார்.

வளையம், அதன்மேல் பல்லுப் பல்லான ஸ்டார் வாஷர், நட்டு. முறுக்கியதும் வாஷரின் பல் வாசலினைக் கிழித்துக்கொண்டு உலோகத்தைக் கடிக்கும், சுற்றிலும் வாசலின் இருந்து ஈரத்தைத் தடுக்கும். மீட்டரை வைத்தார். 0.1 ஓம். அது மீட்டர் வயரின் சொந்த ஓமாம்.

கடைசியில் ஒரு காரியம் செய்தார், எனக்கு அதுதான் விசித்திரமாக இருந்தது. மேஜை டிராயரிலிருந்து ரோஸ் நிற நெயில் பாலிஷ் எடுத்தார். நான் அலுமினியத்தின் மேல்தான் பூசப்போகிறார் என்று நினைத்தேன், அடிபட்டது அதுதானே. அவர் முதலில் வளையத்துக்குப் பூசினார், அதன்பிறகே மூட்டைச் சுற்றி ஒரு கோடு இழுத்தார். ஏன் என்று கேட்டதற்கு ஒரு கப்பல் கதை சொன்னார். வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன், உண்மைக் கதைதான். 1761-ல் இங்கிலாந்துக் கடற்படை அலாரம் என்ற போர்க்கப்பலின் அடிமரத்துக்குச் செப்புத் தகடு அடித்தது, மரத்தைக் குடைகிற புழுவுக்குத் தடுப்பாக. அடித்தது இரும்பு ஆணியால். இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் தகடு பல இடங்களில் கழன்று தொங்குகிறது. செம்பு நன்றாக இருக்கிறது, ஆணிதான் கடல்நீரில் கரைந்துபோயிருக்கிறது. ஆனால் சில ஆணிகள் மட்டும் போட்டது போட்டபடி இருந்தன. தகடுகள் பழுப்புக் காகிதத்தில் சுற்றி வந்திருக்கின்றன, அவசரத்தில் காகிதத்தைக் கிழிக்காமல் அப்படியே அடித்துவிட்டார்கள். ஆணிக்கும் செம்புக்கும் நடுவே அந்தக் காகிதம் மாட்டிக்கொண்ட இடங்களில் ஆணி பிழைத்துவிட்டது.

இதில் அண்ணன் கவனிக்கச் சொன்னது காகிதத்தை அல்ல. செம்பு எவ்வளவு பெரிது, ஆணி எவ்வளவு சிறிது என்பதை. பெரிய செம்பின் கோபமெல்லாம் சின்ன ஆணியின்மேல் இறங்கிவிடும். அதுபோல, கரைகிற அலுமினியத்துக்கு மட்டும் பெயிண்ட் அடித்தால், அந்தப் பெயிண்டில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தாலும் போதும், முழு அரிப்பும் அந்த ஊசிமுனையில் இறங்கி ஆழமாகத் துளைத்துவிடும். மற்ற உலோகத்தை மூடிவிட்டால் அந்த ஆபத்தில்லை. கூகுளில் அரைமணி நேரம் தேடியும் எனக்கு இவ்வளவு தெளிவாக யாரும் சொல்லித்தரவில்லை.

மீடியம் வேவ், ஷார்ட் வேவ் என்று மாற்றும் பேண்ட் ஸ்விட்ச் கரகரத்ததற்குக் காரணம் வேறு. அதன் காண்டாக்ட் வெள்ளி முலாம், விறகடுப்புப் புகையும் கரிப்புகையும் பட்டுக் கறுத்திருந்தது. "இது சகவாசம் இல்ல, சமையக்கட்டு" என்று சொல்லிவிட்டு ஸ்பிரிட்டில் நனைத்த காகிதத் துண்டால் துடைத்து முடித்துவிட்டார். எல்லாவற்றையும் ஒரே நோயாகப் பார்க்கிறவர் இல்லை.

அன்றைக்கே இன்னொன்றையும் கொண்டுபோயிருந்தேன். பழைய கேசட் டெக், அதை ஆம்ப்ளிஃபயரோடு இணைக்கும் கேபிள். பழைய கேபிள் நைந்துவிட்டது என்று என் மகன் பெங்களூரிலிருந்து தங்க முலாம் பூசிய பின் வைத்த கேபிள் ஒன்றை ஆன்லைனில் வாங்கி அனுப்பியிருந்தான். விலை சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். மாட்டிய எட்டாவது மாதம் ஒரு பக்க ஸ்பீக்கர் வரும், போகும். பின்னைப் பிடுங்கிச் செருகினால் சரியாகும், அடுத்த வாரம் மறுபடி. அண்ணன் டெக்கின் பின்னால் இருந்த சாக்கெட்டை லென்ஸில் பார்த்தார். அது ஈயம், அதாவது வெள்ளீயம் பூசிய சாக்கெட். தங்கத்தையும் ஈயத்தையும் ஜோடி சேர்க்கவே கூடாதாம். கதவு சாத்தும்போதும், ஸ்பீக்கர் அதிரும்போதும் பின் கண்ணுக்குத் தெரியாமல் உராயும், உராயும்போது ஈயத்தின் மேலிருக்கும் படலம் பெயர்ந்து தங்கத்தின்மேல் ஒட்டிக்கொண்டு கெட்டியாகிவிடும். பிடுங்கிச் செருகும்போது கொஞ்சம் சுரண்டப்படுவதால் தற்காலிகமாகப் பாடுகிறது. பழைய கம்ப்யூட்டர்களில் மெமரி கார்டு தங்கமாகவும் அதன் ஸ்லாட் ஈயமாகவும் இருந்த காலத்தில் இதே வம்பு இருந்தது என்றார். நாற்பது ரூபாய்க்கு ஒரு சாதாரண கேபிள் கொடுத்தார். தங்கத்தை என்ன செய்வது என்றேன். "தம்பிகிட்ட சொல்லிடாதீங்க, மனசு கஷ்டப்படும்" என்றார். சொல்லவில்லை. இதைப் படித்தால் தெரிந்துகொள்வான்.

பேட்டரி கசிந்த டூ-இன்-ஒன், ரேடியோவும் கேசட்டும் சேர்ந்த செட், ஒன்றும் இருந்தது. அதை அவர் கையிலேயே வாங்கவில்லை. அல்கலைன் பேட்டரி கசிவு என்றால் வினிகரைக் காட்டன் பட்ஸில் தொட்டுத் துடை, பிறகு தண்ணீர் தொட்டுத் துடைத்துக் காயவை, இதற்கெல்லாம் என்னிடம் வராதே என்று அனுப்பிவிட்டார். வேலை செய்தது.

இனி குறைகள். இருக்கின்றன.

நேரம். மாசியில் கொடுத்தது சித்திரைக் கடைசியில்தான் கைக்கு வந்தது. எர்த் வேலை அன்றைக்கே முடிந்துவிட்டாலும், சேசிஸில் இதேபோல வேறு எத்தனை இடம் இருக்கிறதோ எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்தால்தான் கொடுப்பேன் என்று வைத்துக்கொண்டார். ஸ்டேஷன் சிக்னலைப் பிரித்தெடுக்கும் சுருள்களை மூடியிருக்கும் ஐ.எஃப்.டி. டப்பாக்கள் மூன்றும் அலுமினியம், உட்கார்ந்திருப்பது முலாம் பூசிய இரும்புச் சேசிஸில். ஸ்டேஷன் திருப்பும்போது சுழலும் கேங் கண்டன்சரின் தகடுகளும் அலுமினியம். நியாயமாகப் பார்த்தால் செய்யவேண்டிய வேலைதான். ஆனால் எத்தனை நாள் என்று ஒரு தேதி சொல்லலாம் இல்லையா? சொல்லமாட்டார். ஃபோன் அடித்தால் எடுக்கமாட்டார். நான் மூன்று முறை பஸ் ஏறி வந்து, மூன்று முறையும் வர்க்கி மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

பில் கிடையாது. காக்கிக் காகிதத்தில் பென்சிலால் எழுதித் தருவார். எனக்கு 2,850 ரூபாய் ஆனது, அதில் வேலைக்கூலி 2,200. முந்தைய கடையில் இரண்டு தடவையும் சேர்த்துக் கொடுத்ததைவிடக் குறைவு. கழற்றிய உதிரிகளை எல்லாம் ஒரு தீப்பெட்டியில் போட்டு, ரப்பர் பேண்ட் சுற்றி, ரேடியோவோடு கொடுத்துவிட்டார். இது எனக்குப் பிடித்தது. வெந்துபோன ஒரு ரிவெட்டை இப்போதும் ஷோகேஸில் வைத்திருக்கிறேன், விருந்தினர்களுக்குக் கதை சொல்ல.

டயல் கயிறு மாற்றினார், அதில் ஒரு பிசகு. முள் இப்போது ஒரு விரல்கடை தள்ளி நிற்கிறது. திருச்சி ஸ்டேஷன் டயலில் கொழும்பு என்று எழுதியிருக்கும் இடத்தில் வருகிறது. சொன்னேன். "அங்க கேட்டுத்தான் எனக்குப் பழக்கம்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தார். மேலே நான் எதுவும் கேட்கவில்லை. இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தவர்களிடம் அதற்கு மேல் என்ன பேசுவது.

ஸ்டேஷன் சரியாகப் பிடித்துவிட்டதா என்று ஒளியால் காட்டும் வால்வு, மேஜிக் ஐ, மங்கலாகத்தான் எரிகிறது. மாற்றித் தரச் சொன்னதற்கு மறுத்துவிட்டார். எரிகிறவரை எரியட்டும், கிடைக்கிற நாலைந்தையும் பாடவே பாடாத செட்டுக்கு வைத்திருக்கிறேன் என்றார். மொபைல், எல்.ஈ.டி. டிவி எதையும் தொடமாட்டார், கேட்டு அவமானப்படாதீர்கள்.

கொடுக்கும்போது மூன்று அறிவுரை தந்தார். தினமும் அரைமணி நேரமாவது பாடவிடவேண்டும், வால்வின் சூட்டிலேயே உள்ளே காய்ந்துவிடும். அப்பா உயிரோடு இருந்தவரைக்கும் ரேடியோவுக்கு ஒன்றும் ஆகாததன் ரகசியம் அதுதான். காலைச் செய்தியும் இரவுப் பாட்டும் அதற்கு வைத்தியமாக இருந்திருக்கின்றன. நாங்கள் மரியாதையாகத் துணி போர்த்தி வைத்த பதினொரு வருடத்தில்தான் அழுகத் தொடங்கியிருக்கிறது. ஆளில்லாத மாதங்களில் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஜீரோ வாட் பல்ப் எரியவேண்டும், கேமரா லென்ஸுக்குப் பூசணம் வராமல் இங்கே எல்லோரும் செய்வது போல. மூன்றாவது, பின்பலகையை நானாகத் திறக்கக்கூடாது. ஆஃப் செய்த பிறகும் அந்தக் கண்டன்சரில் ஆளைத் தூக்கி அடிக்கிற அளவுக்குக் கரண்ட் நிற்கும். இதையெல்லாம் படித்துவிட்டு ஸ்க்ரூ டிரைவர் எடுக்கத் தோன்றுகிறவர்களுக்காக அதை மறுபடி எழுதுகிறேன்: நிற்கும்.

பேச்சுவாக்கில் முத்தோரை ரேடியோ தொலைநோக்கியைப் பற்றியும் சொன்னார். ஊட்டிக்குப் பக்கத்தில் மலைச்சரிவில் 1970-லிருந்து நிற்கிறதே, 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், அது. அதன் முகம் முழுக்க 1,100 கம்பி, அத்தனையும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். "மேகத்துல நனைஞ்சுக்கிட்டே நிக்குது பாருங்க. கம்பி அத்தனையும் ஒரே ஜாதி. மலை எப்படின்னு தெரிஞ்சவங்க கட்டினது" என்றார். பள்ளிச் சுற்றுலாவில் அதைப் பார்த்தபோது நான் கம்பியைக் கவனிக்கவேயில்லை, சாப்பாட்டுப் பொட்டலத்தைத்தான் கவனித்தேன்.

போன ஐப்பசியில் பன்னிரண்டு நாள் விடாமல் மழை. வராந்தாவில் காயப்போட்ட துணி ஐந்தாவது நாளும் ஈரம். உப்பு ஜாடியில் உப்பு தண்ணீராகியிருந்தது. நான் தினமும் ஏழு மணிக்கு ரேடியோவைப் போட்டுவிட்டு, வால்வு சூடாகும் அந்த அரை நிமிடம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன், மாடு வருகிறதா என்று. வரவில்லை. மார்கழியிலும் வரவில்லை. நேற்றுக் காலையிலும் வரவில்லை.

ஐந்துக்கு நாலரை. அரை நட்சத்திரம் ஃபோன் எடுக்காததற்குக் குறைத்தது. டயல் முள்ளுக்குக் குறைக்க மனம் வரவில்லை. செவ்வாய்க்கிழமை கடை கிடையாது. மற்ற நாட்களில் பதினோரு மணிக்கு மேல் போங்கள், அதற்கு முன் படியில் பேக்கரிக்காரர்கள் மாவு மூட்டை ஏற்றிக்கொண்டிருப்பார்கள்.